உடைமரம் குனிந்த கிறிஸ்துமஸ்

அந்தக் காலத்தில், மரமும் மனுஷரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்ட காலத்தில், தேரிக்காட்டு உடைமரத்துக்கு ஒரு முள்கூடக் கிடையாது. இன்றைக்குப் போலக் குடையை விரித்துக்கொண்டு குனிந்தும் நிற்காது. பனையைவிட இரண்டு பங்கு உயரம், வழவழப்பான உடம்பு. ஆட்டுக்குட்டிகள் வந்து முதுகு தேய்த்துவிட்டுப் போகும்.

தேரி என்றால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் சிவப்பு மணல்மேடு. ஆடிக்காற்று அடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். போன வருஷம் நடந்த வழி இந்த வருஷம் இருக்காது. மார்கழியில்கூடப் பகலில் கால் வைத்தால் பொரிந்துவிடும். அதனால் கடற்கரையில் தோணியைவிட்டு இறங்கியவர்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஊரைப் பார்த்து நடப்பார்கள். இருட்டினால் திசை தெரியாது. நரி வேறு உண்டு.

அந்தத் தேரியின் ஓரத்தில் இருந்தது எப்ராத்தாவிளை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பனை ஈர்க்கில் நட்சத்திரம் கட்டி, மெல்லிய துணி சுற்றி, உள்ளே எண்ணெய் விளக்கு வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஓர் உடைமரம் உண்டு. அது தலையைத் தாழ்த்தி உச்சிக்கிளையில் நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு நிமிரும். பிழைக்கப் போன ஆண்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வீடு வந்து சேருவார்கள்.

அன்னப்பழத்தின் புருஷன் மாசிலாமணிக்குக் கொழும்பில் கடைவேலை. வருஷத்துக்கு ஒரு முறை, பண்டிகைக்குத்தான் வருவான். பக்கத்து வீட்டில் இருந்தவள் அவள் ஓரகத்தி ராகேல். மாசிலாமணியின் தம்பி வேதமுத்து பெண்டாட்டி. வேதமுத்து பனையேறி.

போன கிறிஸ்துமஸுக்கு வந்த மாசிலாமணி, காலைக்கூடக் கழுவாமல் ஒரு பேச்சுப் பேசினான். "நல்லவேளை, ராகேல் வீட்டு நட்சத்திரம் தெரிஞ்சுது. இல்லேன்னா தேரியிலயே கிடந்திருப்பேன்." மனுஷன் வெள்ளந்தியாகச் சொன்னான், சொல்லிவிட்டுச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தான், மறந்தும்போனான். அன்னப்பழம் மறக்கவில்லை. என் புருஷன், என் வீடு, என் சோறு. வழி காட்டுகிறது மட்டும் அவள் வீட்டு நட்சத்திரமா? அந்த ஒரு பேச்சு வருஷம் பூராவும் அவளை அரித்தது. பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகுவானேன்?

இந்த வருஷமும் பண்டிகை வந்தது. வழக்கம்போல இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சட்டியில் அச்சுமுறுக்கு சுட்டார்கள். ராகேல் அச்சைத் தட்டினால் முறுக்கு பூப்போலக் கழன்று எண்ணெயில் விழுந்தது. அன்னப்பழம் தட்டினால் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"அச்சு காயலக்கா. இங்க தாங்க, நான் சுடுதேன்" என்றாள் ராகேல்.

நல்ல மனசோடுதான் கேட்டாள். ஆனால் பொறாமைக்காரியின் காதில் நல்ல பேச்சு எப்போது நல்ல பேச்சாக விழுந்திருக்கிறது? "நீயே எல்லாத்தையும் சுடு" என்று அச்சை வைத்துவிட்டு எழுந்து, விறுவிறுவென்று தேரிக்கு நடந்தாள்.

முதலில் தன் மரத்திடம் போனாள். "நீ ஏன் வளர மாட்டேங்க? நான் தண்ணி ஊத்தலயா?"

"ஊத்தின தாயே. ஆனா ராகேல் மரத்துக்கு வேரு ஊத்துப் பக்கம் ஓடியிருக்கு. எனக்கு வாய்ச்ச இடம் இதுதான்."

"எனக்கு வாய்ச்சதெல்லாம் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ராகேலின் மரத்திடம் போனாள். அது ஊரிலேயே உயரமான மரம். அவளைக் கண்டதும் சந்தோஷமாகக் கிளையை ஆட்டியது. அந்தச் சந்தோஷமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒனக்குச் சங்கதி தெரியாதா?" என்றாள். "பண்டிகை முடிஞ்சதும் ஒன்ன வெட்டப் போறாவ. வேதமுத்து அருவா தீட்டுத சத்தம் கேக்கலயா?"

வேதமுத்து பாளை சீவுகிறவன். அவன் தினமும் அரிவாள் தீட்டுவான். சத்தமும் தினமும் கேட்கும். ஆனால் இப்போது அதே சத்தம் மரத்துக்கு வேறு மாதிரி கேட்டது.

"காலையிலகூட ராகேல் எனக்குத் தண்ணி ஊத்தினாளே?"

"வெட்டப்போற மரம் அதுவரைக்கும் காயாம இருக்கணும்லா?" என்றாள் அன்னப்பழம். அதோடு விடவில்லை. "உசரமா நின்னாத்தான கண்ணுல படுவ. குனிஞ்சுக்கோ. இன்னைக்கு எவ வந்து கூப்பிட்டாலும் நிமிராத."

மரம் நடுங்கியது. நெட்டையாக நின்ற தலை அப்படியே தாழ்ந்து, கிளைகளெல்லாம் பக்கவாட்டில் படர்ந்தன. பயத்தில் நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அதுபோல அதன் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக முள் எழுந்தது.

அன்னப்பழம் திருப்தியாகத் திரும்பினாள். இன்றைக்கு என் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அவர் வருவார், எந்த நட்சத்திரம் தெரிந்தது என்று வந்ததும் கேட்க வேண்டும், நாலு பேர் இருக்கும்போது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அவள் ஒன்றை மறந்துவிட்டாள். தேரி மணலுக்கு அடியில் மரங்கள் வேரோடு வேர் பின்னிக்கொண்டிருக்கும். ஒன்றின் காதில் விழுந்தது எல்லாவற்றுக்கும் போய்விடும். அவள் கண்ணெதிரே மரங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. கடைசியில் அவள் மரமும் குனிந்தது.

ஓடிப்போய்த் தொட்டாள். கையில் முள் ஏறியது. "நீ எதுக்குக் குனியுத? ஒன்ன யாரும் வெட்ட மாட்டாவளே!"

"வெட்டப்போறவ முன்கூட்டிச் சொல்லிட்டா வெட்டுவா?" என்றது மரம்.

பொழுது சாய்ந்தது. ஊரே கையில் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு முள்மரங்களின் முன்னால் திகைத்து நின்றது. கெஞ்சியும் ஒரு மரம்கூட நிமிரவில்லை. அந்த வருஷம் மற்ற வீட்டு ஆட்கள் முந்தின நாளே வந்துவிட்டார்கள். தேரிக்குள் இருந்தது மாசிலாமணி ஒருவன்தான்.

"பனையில ஏத்திப் பாப்போம் மதினி. அழாதீய" என்றான் வேதமுத்து. இருக்கிற பனைகளில் நெட்டையான ஒன்றின் பக்கம் போனான். பனை ஓலையைச் சடசடவென்று அடித்துக்கொண்டது.

"கிட்ட வராத! அருவாளோட வாரவன இனி நம்ப மாட்டேன்."

"நான் தினமும் ஏறுதவன்தான?"

"நேத்து வரைக்கும் நம்புனேன். மரத்த வெட்டுதாவன்னு உடைமரத்துக்கிட்ட ஒருத்தி சொல்லியிருக்கா. பொய்யின்னா, சொன்னவளே வந்து பொய்யின்னு சொல்லட்டும். அப்புறம் ஏறு."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்னப்பழம் தேரியைப் பார்த்தாள். சொன்னால் இந்த ஊரில் இனித் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதிலும் ராகேல் முன்னால். சொல்லாவிட்டால்? தேரிக்குள் எங்கேயோ ஒரு நரி ஊளையிட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "பொய்தான் சொன்னேன். ராகேல் மரம் உசரமா நிக்கிறத என்னால பொறுக்க முடியல. அவரு அந்த நட்சத்திரத்தப் பாத்து வாரதப் பொறுக்க முடியல."

ராகேல் அவளையே பார்த்தாள். "நான் வெட்டுவேன்னா சொன்னீய யக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பனையின் ஓலைகள் அடங்கின. "சரி, ஏறு. ஆனா எனக்குத் தலை சிறுசு. ஒண்ணுதான் சுமப்பேன். நல்லா வெளிச்சமுள்ளதா குடுங்க."

அன்னப்பழத்தின் நட்சத்திரம் பழைய வேட்டித் துணி சுற்றியது, மங்கல். ராகேலுடையது பெரிது, தீக்கங்குபோல எரிந்தது. எது தூரத்துக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். அன்னப்பழத்துக்கும் தெரிந்தது. ஆனாலும் கை தன் நட்சத்திரத்தை விட மறுத்தது. புருஷன் உயிரை நினைத்தாள். பிறகு அதை மணலில் வைத்துவிட்டு, "அவ நட்சத்திரத்தயே ஏத்துங்க" என்றாள்.

வேதமுத்து உச்சிக்கு ஏறி மட்டையிடுக்கில் கயிற்றைப் போட்டுவிட்டான். கீழிருந்து யார் இழுப்பது?

"நீங்களே இழுங்க யக்கா. ஒங்க ஆளு வாராரு" என்றாள் ராகேல். சொல்லிவிட்டு முகத்தைத் தேரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். கோபமும் இருந்திருக்கும். ஆனால் அவள் திருப்பிக்கொண்டது, இழுக்கிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

அன்னப்பழம் இழுத்தாள். ராகேலின் நட்சத்திரம் உயர உயர அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. பாதி வருத்தம், பாதி வயிற்றெரிச்சல்.

கொஞ்ச நேரத்தில் மணல்மேட்டில் தலை தெரிந்தது. மாசிலாமணி நொண்டிக்கொண்டே வந்தான். இரண்டு காலிலும் உடைமுள். அன்னப்பழம் அவனை உட்கார வைத்து, காலை மடியில் போட்டு ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினாள். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"எந்த நட்சத்திரத்தப் பாத்து வந்தீய?"

"ராகேல் வீட்டு நட்சத்திரந்தான். அத விட்டா வேற என்ன தெரியுது?"

அடுத்த முள்ளை அவள் கொஞ்சம் அழுத்தித்தான் பிடுங்கினாள்.

"ஏளா, மெதுவா!" என்று கத்தினான் மாசிலாமணி.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவள் ராகேலின் உடைமரத்திடம் போய் மன்னிப்புக் கேட்டாள். "நெசந்தான்னு தெரியுது தாயே. ஆனா முள்ள உள்ள இழுக்க எனக்குத் தெரியல. நிமிரவும் பயமா இருக்கு" என்றது மரம். அதற்குப் பிறகு அது எந்த மனுஷரிடமும் பேசவில்லை.

அன்று முதல்தான் உடைமரம் வெள்ளை முள்ளோடு குனிந்து நிற்கிறது. அன்று முதல்தான் தேரிப் பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பனையில் ஏறுகிறது. எந்த வீட்டுக்காரியும் தன் நட்சத்திரத்தைத் தானே ஏற்றாமல், பக்கத்து வீட்டுக்காரியின் நட்சத்திரத்துக்குத்தான் கயிறு இழுக்கிறாள். இழுத்து முடிக்கும்வரை அவள் முகத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.