நல்லசிவத்தின் மௌன விரதம்

மலையடிவாரத்து ஆசிரமத்துக் குருவம்மாவுக்கு நல்லசிவம் பல வருஷமாகச் சீடர். அன்று மனைவி செண்பகவல்லியையும் கூட்டி வந்திருந்தார். கும்பிட வைக்க அல்ல, ரிப்பேர் பார்த்து வாங்கிப் போக.

விஷயம் இதுதான். கீழத்தெருப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கறிவேப்பிலை வாங்கக்கூடத் தனியாகப் போகாதவள், இதற்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஆசைதான் துன்பம்னு இவளுக்கு உறைக்கிற மாதிரி சொல்லுங்கம்மா," என்றார் நல்லசிவம்.

குருவம்மா அவளைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா வேணும்?"

"அவளுக்கு ஒண்ணும் வேண்டாம். எல்லாம் வீட்டிலயே இருக்கு," என்றார் நல்லசிவம்.

"சாப்பிட்டியா?"

"அவளுக்குப் பசிக்காதும்மா."

செண்பகவல்லி நெற்றியை அழுத்திக்கொண்டாள். தலைவலியா என்று கேட்டார் குருவம்மா. அவளுக்கு அதெல்லாம் வராது என்று அதற்கும் பக்கத்திலிருந்தே பதில் வந்தது.

குருவம்மா சிரிக்கவில்லை. நல்லசிவம் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரிய விரதத்தை இப்போதே தருவதாகச் சொன்னார். அடுத்த பௌர்ணமி வரை மௌனம். சைகை கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது.

நல்லசிவம் பூரித்துப் போனார். காலில் விழுந்து எழுந்து, வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

செண்பகவல்லி பழக்கதோஷத்தில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்தும் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு அந்த வேலைக்குப் போகணும்."

அதோடு விட்டாளா?

"போகட்டுமாம்மா?"

குருவம்மா எழுந்துகொண்டார்.

"இன்னிக்கு நானும் மௌனம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர், வழக்கம்போல ஆம்பளையைப் பார்த்துத்தான் கேட்டார். "எங்க சார் போகணும்?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். ஆசிரமத்தைத் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"கீழத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கண்ணே," என்றாள் செண்பகவல்லி. முதலில் ஏறி உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

சீடர் பேசாமல் ஏறிக்கொண்டார்.