கரடியைக் கரட்டில் விடுக

முன்னொரு காலத்தில், ஓலையில் எழுதுகிறவர்கள் எழுத்துக்குப் புள்ளி வைக்காத காலத்தில், ஓர் அரசர் இருந்தார். புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று வைக்காமலே எழுதுவார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

அந்த அரசருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. காட்டைப் பார்க்க நாம் ஏன் போக வேண்டும், காட்டை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று கேட்டார். அவர் கேட்டால் போதாதா? அரண்மனைக்குப் பின்னால் விலங்குச்சாலை எழும்பியது. சிறுத்தை வந்தது. இரண்டு நரிகள் வந்தன. கடைசியாக ஒரு கரடி வந்தது. அதைக் குட்டியாக இருக்கும்போதே பிடித்தவன் உதிரன் என்ற வேட்டுவன். பிடித்தவனையே தீனி வைக்கவும் அமர்த்திவிட்டார்கள்.

பெயர் வாங்கியது கரடிதான். அது ஆடும். முன்கால்களை மாற்றி மாற்றி வைத்து, தலையை இடமும் வலமும் வீசி ஆடும். என்னைக் கண்ட மகிழ்ச்சி என்றார் அரசர். சபையே கை தட்டியது.

விகடகவி சேந்தன் மட்டும் தட்டவில்லை. அதற்கு முந்திய மூன்று நாளும் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவன் அங்கே வந்திருந்தான். ஆள் இல்லாதபோதும் கரடி ஆடியது. மழையிலும் ஆடியது. கூண்டுச் சட்டத்தில் தலை உரசும் இடத்தில் மயிர் போய்த் தோல் தெரிந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. உதிரனிடம் கேட்டான்.

"இது ஆட்டமில்லை, ஐயா," என்றான் உதிரன். "காட்டில் எந்தக் கரடியும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை."

ஆகவே, உன் கை ஏன் சும்மா இருக்கிறது என்று அரசர் கேட்டபோது சேந்தன் உள்ளதைச் சொன்னான்.

"நேற்று தாங்கள் வரவில்லை, அரசே. நேற்றும் கரடி இதே மகிழ்ச்சியில்தான் இருந்தது."

அரசர் சிரிக்கவில்லை. விகடகவிக்கு அதைவிடக் கெட்ட சகுனம் இல்லை.

ஓலைநாயகம் காரியார் இந்த நாளுக்காகவே காத்திருந்தார். அரசர் சொல்வதையெல்லாம் ஓலையில் ஏற்றுகிறவர் அவர். பத்து நாள் யோசித்து அவர் எழுதியது அரசருக்கு மறந்துவிடும். சேந்தன் போகிற போக்கில் சொன்னது மறக்காது. இந்த வயிற்றெரிச்சல் அவருக்குப் பல வருடத்தது.

கொஞ்ச நாளில் கரடி தீனி தின்பதை நிறுத்தியது. தேன் வைத்தார்கள், இலுப்பைப் பூ வைத்தார்கள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரசர் கவலைப்பட்டார். காரியார் ஒரு யோசனை சொன்னார். கரடி மலையில் வாழ்வது. ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் பாறைகளை அடுக்கி ஒரு சின்னக் கரடு கட்டினால் அதற்குப் பிறந்த இடம் போல இருக்கும். மேலே நின்று நாமும் நன்றாகப் பார்க்கலாம். அரசருக்குப் பிடித்துப்போயிற்று. பதினைந்து நாளில் கரடு எழுந்து நின்றது. சேந்தன் போய்ப் பார்த்தான். பாறை வெயிலில் கொதித்தது. ஒரு புல் இல்லை. அதற்குள் கரடியின் விலா எலும்பை எண்ணலாம் என்று ஆகியிருந்தது. கரட்டில் இறக்கினால் பத்து நாள் தாங்காது என்றான் உதிரன்.

இது காரியாருக்கும் தெரியும். கரடியைக் கரட்டில் விடும் பொறுப்பைச் சேந்தனுக்கே கொடுங்கள் என்றார். அதன் மேல் அவனுக்குத்தானே அக்கறை. செத்தால் பழி யார் தலையில் விழும் என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"அரசே, இவனிடம் வாய்ச்சொல் நிற்காது. எனக்கு முன்னால் பேசாதே என்று தாங்கள் ஒருமுறை சொன்னீர்கள். இவன் சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நின்று பேசினான். இந்த முறை ஓலையில் கொடுங்கள். ஓலையில் உள்ளபடி, ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் செய்யட்டும். தவறினால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"சரி," என்றார் அரசர். "இனி ஓலைதான் என் வாய். அதற்குமேல் நான் சொன்னாலும் செல்லாது."

காரியார் சபையிலேயே உட்கார்ந்து எழுதினார். அழகான எழுத்து. சேந்தன் ஓலையை வாங்கிக்கொண்டு கூண்டருகே வந்து படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு ஓலையை மடியில் செருகிக்கொண்டு, இதைப் பிடித்த காடு எவ்வளவு தூரம் என்று உதிரனிடம் கேட்டான்.

"மாட்டு வண்டியில் இரண்டு நாள். எதற்கு ஐயா?"

"மாடு பூட்டு. கேட்கிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

இரண்டாம் நாள் சாயங்காலம் காட்டோரத்தில் வண்டியை நிறுத்திக் கூண்டைக் கீழே இறக்கினார்கள். உதிரன் கதவைத் திறந்தான். கரடி வெளியே வரவில்லை. திறந்த கதவுக்கு உள்ளே நின்று ஆடிக்கொண்டிருந்தது. தள்ளி நின்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உதிரன் போய்க் கூண்டுச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டான். கூரையும் போயிற்று. கூண்டு என்று ஒன்று இல்லை. கரடி அதே இடத்தில் நின்று, இல்லாத சட்டத்தில் தலை படாதபடி ஒதுங்கி ஒதுங்கி ஆடியது.

சேந்தன் ஊரையே சிரிக்க வைக்கிறவன். அன்று அவன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

காற்று திரும்பியது. கரடி நின்றது. மூக்கைத் தூக்கியது. கொஞ்ச தூரத்தில் ஒரு கரையான் புற்று இருந்தது. அதுவரை நடந்து போய், மூக்கை வைத்து ஊதியது. மண்ணெல்லாம் முகத்தில் அடித்தது. மறுபடி ஊதியது. பிறகு புதருக்குள் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழைக்குமா?" என்று கேட்டான் சேந்தன்.

"பிழைக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய தாயை நான்தான் கொன்றேன்," என்றான் உதிரன். சட்டங்களைப் பொறுக்கி வண்டியில் அடுக்கினான்.

அவர்கள் திரும்பியபோது சபை கூடியிருந்தது. கரடு காலியாகக் கிடந்தது. அரசர் முகம் சிவந்திருந்தது. கரட்டில் விடு என்றால் காட்டில் விட்டுவிட்டான், இன்றே வெளியேற்றுங்கள் என்றார் காரியார்.

"ஓலையில் உள்ளதைத்தான் செய்தேன், அரசே," என்றான் சேந்தன். "இந்தச் செய்தி எதுவும் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்."

கோயிலில் ஏடு வாசிக்கும் பட்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஓலையைக் கண்ணருகே வைத்துத் தடங்கலில்லாமல் படித்தார்.

"காடியைக் காட்டில் விடுக."

படித்துவிட்டுத் தயங்கினார். "அரசே, காடி என்றால் புளித்த கஞ்சி, நல்ல காடியை எதற்குக் காட்டில் விட வேண்டும்? மாட்டுக்கு விட்டாலாவது குடிக்குமே."

சபையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். காரியார் எழுந்துவிட்டார். அது காடி இல்லை, கரடி, கரடி என்றார்.

"ஓலைநாயகம் சொல்வது சரி," என்றான் சேந்தன். "அவர் எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. ஒற்றுக்குப் புள்ளியும் கிடையாது. கரடி என்றும் படிக்கலாம், காடி என்றும் படிக்கலாம். கரட்டில் என்றும் படிக்கலாம், காட்டில் என்றும் படிக்கலாம். நான் இடம் பார்த்துப் படித்தேன், அரசே. கரடியின் இடம் எது என்று பார்த்தேன். இல்லை, பட்டர் படித்ததுதான் சரியென்றால் சொல்லுங்கள். மடைப்பள்ளியில் உள்ள காடியையெல்லாம் இன்றே காட்டில் ஊற்றிவிட்டு வருகிறேன்."

அரசர் பட்டரைப் பார்த்தார். காரியாரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தன் வாயே தன்னை மாட்டிவிட்டது என்றார். இனிமேல் ஓலை கிழிந்தாலும் பரவாயில்லை, புள்ளி வைத்துத்தான் எழுத வேண்டும், ரகரத்தையும் காலையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று காரியாருக்கு உத்தரவு போட்டார். புதுக் கரடி பிடிக்க முதல் ஓலையை அப்படியே எழுதுங்கள் என்றார். அதே மூச்சில், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று சேந்தனிடம் கேட்டார்.

ஒரு கிராமம் கேட்டிருக்கலாம். அரசர் கொடுத்திருப்பார்.

"அந்தக் கரட்டைக் கொடுங்கள், அரசே. என் பெயருக்கு எழுதி. என் அனுமதி இல்லாமல் அதில் எதையும் விடக்கூடாது."

"கல்லும் பள்ளமும் உனக்கு எதற்கு?"

"பயிர் செய்யத்தான். கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினால் மலையாக வளராதா?"

அரசருக்கு மறுபடி சிரிப்பு பொங்கியது. எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்றார். கூண்டு வெறும் சட்டங்களாகக் கிடந்தது, விடக் கரடும் இல்லை, அதனால் புதுக் கரடிக்கான ஓலை எழுதப்படவில்லை. காரியார் கரட்டைச் சேந்தனுக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு ஒற்றிலும் புள்ளி துலக்கமாக இருந்தது. இரண்டு விதமாகப் படிக்க அதில் ஓர் எழுத்தும் இல்லை.

அதை வாங்கிக்கொண்டு சேந்தன் விலங்குச்சாலை வழியாகத்தான் வீட்டுக்குப் போனான். நரிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. சிறுத்தை நடந்துகொண்டிருந்தது. ஆறு அடி, திரும்பல், ஆறு அடி. சேந்தன் அங்கே நின்றான். காடு என்று படிக்க இடம் தருகிற இன்னொரு சொல்லை வெகுநேரம் தேடினான். கிடைக்கவில்லை.

சபையில் அரசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அங்கே வரைக்கும் கேட்டது. சிறுத்தை நடையை நிறுத்தாமல் ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது.