வாய் திறந்த கார்புரேட்டர்

மரகதத்துக்கு கார்புரேட்டர் பாஷை தெரியும்னு சூலூர்ப் பக்கம் சொல்லுவாங்க. ரேஸ் வண்டிக்காரங்க எல்லாம் அவ ஷெட்டு வாசல்ல காத்துக் கிடப்பாங்க. வரதராசு வயசுல அவளுக்கு மூத்தவர். சொந்தமா ஒர்க்‌ஷாப் நடத்துறவர். ஆனாலும் இந்த வித்தையில அவதான் குரு, அவர் சீடர். அவர் அவளை அம்மிணின்னு கூப்புடுவார். அவ அவரை அண்ணான்னு கூப்புடுவா.

நல்ல மனுசன்தான். ஆனா பயம்னா வீசை என்ன வெலைன்னு கேக்கற ஆளு. அதுதான் கோளாறு.

ஆடி மாசத்துல ஒருநாள் காலையில தன்னோட பழைய பியட்டைக் கொண்டாந்து ஷெட்டு முன்னால நிறுத்துனார். எஞ்சினுக்குக் காத்தையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டற ரேஸ் கார்புரேட்டர் ரெண்டு புதுசா மாட்டியிருந்தார். பானெட்டைத் தூக்குனா அதுகளோட நாலு காத்துக் குழலும் சோத்துக்குக் காத்திருக்கற மாதிரி வாயைத் திறந்துட்டு நிக்குது.

மரகதம் குனிஞ்சு பாத்தா. "ஏனுங்ண்ணா, ஏர் ஃபில்டர் எங்க?"

"கழட்டிட்டனுங் அம்மிணி. அது இருந்தா இழுவை கம்மியா இருக்குது. ரேஸ்ல எவன் ஃபில்டர் போடறான்?"

"ரேஸ் முடிஞ்சா அவங்க எஞ்சினைப் பிரிச்சுத் தூசியைத் தொடைச்சுருவாங்க."

"நானும் பிரிச்சுட்டுப் போறன். என்ற கைதானே?"

"நாளைக்கு வண்டி எங்க போவுது?"

"பழனிக்குங். ஆடிக் கிருத்திகை. என்ற சம்சாரமும் மகளும் வர்றாங்க."

மக மாசமா இருக்கறது மரகதத்துக்குத் தெரியும். போன வாரந்தான் இனிப்பு குடுத்துட்டுப் போனார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அம்மிணி," அப்படின்னார் வரதராசு. "காத்தைத் துளிகூடத் தடுக்காத ஃபில்டர் எது? அப்படி ஒண்ணு இருந்தா இப்பவே மாட்டிக்கறேன்."

மரகதம் கையைத் துடைச்சா. முன்சீட்டுல ஏறி உக்காந்தா.

"ஓட்டுங்க."

"எங்கீங்?"

"காரணம்பேட்டை வரைக்கும்."

காரணம்பேட்டைன்னா கல்லு குவாரி. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றாங்களே, அங்க அம்மியாகறதுக்கு முந்தியே கல்லு பொடியாப் பறக்கும். அந்தத் தூசியை அவருக்குக் காட்டி, திரும்பி வந்து குழலுக்குள்ள விரலை விட்டுப் பாக்கச் சொல்லணும், அவ்வளவுதான் அவ நெனப்பு. அதுக்கு மேல நடந்தது அவளும் எதிர்பார்க்காதது.

முன்னால எம் சாண்டு, அதான் கல்லை அரைச்ச மணலு, ஏத்திட்டு ஒரு லாரி போயிட்டிருந்தது. தார்ப்பாய் கட்டல. மணலு புகை மாதிரி கொட்டிட்டே போச்சு.

"பின்னாலயே போங்கண்ணா, முந்த வேண்டாம்," அப்படின்னா மரகதம்.

"இந்த வண்டியை வெச்சுட்டு லாரிக்குப் பின்னால போறதா? நல்லாருக்குதுங் அம்மிணி!"

ஆக்சிலேட்டரைக் கடைசி வரைக்கும் அமுக்குனார். நாலு குழலும் ஒண்ணாச் சேந்து உறுமுச்சு. வண்டி வெசையா லாரியைத் தாண்டுச்சு. வரதராசு சிரிச்சுட்டே காலை எடுத்தார்.

வண்டி வேகம் குறையல.

மறுபடியும் அமுக்கி எடுத்தார். எஞ்சின் அதே உறுமலாத்தான் இருந்தது. காலு மேல இருக்குது, வண்டி முன்னால பாயுது.

"அம்மிணி, காலை எடுத்துட்டேன். நிக்க மாட்டீங்குது!"

கூப்பிடு தூரத்துல செம்மறிக் கூட்டம் ரோட்டைத் தாண்டிட்டிருந்தது. ஆடுகளுக்கு நடுவுல ஒரு பொம்பளை, இடுப்புல ஆட்டுக்குட்டி ஒண்ணைத் தூக்கிட்டு.

"பிரேக்கு மிதிங்க! க்ளட்சையும் மிதிங்க!"

மிதிச்சார். எஞ்சின் அலறுச்சு. அப்படி ஒரு அலறலை வரதராசு அதுவரைக்கும் கேட்டதில்லை. இப்ப வெடிக்குமோ, அப்பறம் வெடிக்குமோன்னு இருந்தது.

"சாவியை ஒரு சொடுக்கு மட்டும் திருப்புங்க. உருவிராதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கும்!"

திருப்புனார். அலறல் நின்னுச்சு. டயர் தேயற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்தது. கடைசி ஆட்டுக்கு முன்னால வண்டி நின்னபோது, கையை நீட்டுனா அதோட முதுகைத் தொடலாம்.

அந்தப் பொம்பளை குட்டியைக் கீழ விட்டுட்டு வந்தா. "கண்ணு அவிஞ்சு போச்சா? உங்கூட்டு ரோடாடா இது?"

வரதராசு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அவரைப் பாத்ததும் அவளுக்கே திட்டுறதுக்கு மனசு வரல. "தண்ணியைக் குடிச்சுட்டு ஓரமா அக்கட்டால நிறுத்துங்க," அப்படின்னுட்டு ஆடுகளை ஓட்டிட்டுப் போனா.

ரெண்டு பேரும் வண்டியை ஓரமாத் தள்ளி நிறுத்துனதும் மரகதம் பானெட்டைத் தூக்குனா. மூணாவது குழலுக்குள்ள விரலை விட்டா. உளுந்தம்பருப்பு அளவுக்கு ஒரு கல்லுச் சில்லு, உள்ள இருக்கற தகட்டு ஓரத்துல சிக்கிக் கிடந்தது. காலை எடுத்தும் தகடு மூட முடியாம அப்படியே திறந்து நின்னிருக்குது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில வெச்சா.

திரும்பி வர்றப்ப அவதான் ஓட்டுனா. மெதுவா, லாரி எதுக்கும் பக்கத்துல போகாம. வரதராசு பக்கத்துச் சீட்டுல கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தார். ஆடு நின்ன இடத்துல என்ற மக நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சார். அப்பறம், மக வண்டிக்குள்ள இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சார். ரெண்டாவது நெனப்பு இன்னும் மோசமா இருந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையா அலமாரியைக் குடைஞ்சார். இருக்கறதுலயே தடிமனான கம்பளி உறையை எடுத்தார். அது மேல வேட்டித் துணியை ரெண்டு மடிப்பா மடிச்சுச் சுத்திக் கட்டுனார். நாலு குழலையும் மூடி இறுக்குனார்.

"இனி தூசி என்ன, தூசியோட தாத்தன் வந்தாலும் போகாதுங் அம்மிணி."

"ஸ்டார்ட் பண்ணுங்க," அப்படின்னா மரகதம்.

பண்ணுனார். எஞ்சின் இருமுச்சு. பின்னால கருப்பாப் புகையைத் தள்ளுச்சு. ரெண்டு தடவை திணறிட்டு அமந்து போச்சு.

"தூசி போவுதுங்களா?" அப்படின்னு கேட்டா மரகதம்.

"போகல."

"வண்டி?"

வரதராசு துணியை அவுத்தார்.

மரகதம் மூணு ஃபில்டரைக் கொண்டாந்து பெஞ்சு மேல வெச்சா. ஒண்ணு காகிதம், ஒண்ணு நுரை, ஒண்ணு பஞ்சு.

அவர் காகிதத்தைத் தொட்டார். "இது எப்படீங்?"

"தூசியை நல்லாப் புடிக்கும். மழையில நனைஞ்சா மூச்சு முட்டும்."

"நுரை?"

"காத்து நல்லாப் போகும். எஞ்சின் எதிர்ப்பக்கமாத் தும்முனா அந்த நெருப்புல பத்திக்கும்."

"பஞ்சு?"

"எண்ணெய் தடவி வெச்சா நல்லது. கழுவிட்டு எண்ணெய் தடவ மறந்தா, போட்டும் போடாத மாதிரிதான்."

"பயமில்லாத ஃபில்டர் ஒண்ணு இல்லீங்களா?"

"காலையில மாட்டியிருந்தீங்களே, வெறும் காத்து."

வரதராசு ஒவ்வொண்ணையும் எடுத்து வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தார். ஃபில்டரோட மூடி குழலு வாயில இடிக்குமான்னு விரலை வெச்சு அளந்து பாத்தார். திருப்பிக் கீழ வெச்சார். மறுபடியும் எடுத்தார். காலையில ஒரே நொடியில முடிவெடுத்த மனுசன் இப்ப வேர்த்து ஊத்திட்டு நிக்கறார். சம்சாரம் போன் பண்ணுனா. "விடியக்காலம் கிளம்பறமா?" அப்படின்னு கேட்டா. "சித்த நேரங் கழிச்சுச் சொல்றேன்"னு வெச்சுட்டார்.

"அம்மிணி, நீங்களே ஒண்ணை எடுத்துக் குடுத்துருங்க."

"ஏனுங்ண்ணா?"

"தப்பா எடுத்துட்டா? மகளை வெச்சு ஓட்டப்போறனுங். இவ்வளவு பயத்துல நான் எப்படிங் எடுக்கறது?"

மரகதம் பெஞ்சுகிட்ட இருந்து ஒரு எட்டு பின்னால நகந்தா.

"காலையில பயமில்லாமத்தானே முடிவெடுத்தீங்க, ஆட்டு முதுகு வரைக்கும் போனீங்க? இப்பப் பயந்துட்டே எடுங்க."