மண்பொட்டு வைத்த கூடு

அந்தக் காலத்தில், பறவைகளும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, தொங்கும் கூடு பின்னத் தெரிந்தவன் தூக்கணாங்குருவி மஞ்சத்தலையன் ஒருவன்தான். மற்றவர்கள் தானியம் கொடுத்து அவனிடம் கூடு வாங்கிக்கொள்வார்கள்.

பாதி பின்னியதும் உள்பக்கம் ஈரக் களிமண்ணைப் பொட்டுப் போல அப்புவான். காற்றில் கூடு அலையாமல் இருக்கத்தான் அப்படி. ஆனால் வாங்குகிறவர்களுக்கு அந்த மண்பொட்டுதான் எல்லாம். தலையை உள்ளே நீட்டி அதைக் கண்டுவிட்டால் போதும், அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி மனசு நிம்மதியாகிவிடும்.

இதைப் பார்த்தார் காக்கையார். காய்ந்த வைக்கோலைச் சுற்றி, வெளியே தெரிகிற மாதிரி பெரிய பெரிய மண்பொட்டாக அப்பி, அவரும் கூடு விற்க ஆரம்பித்துவிட்டார். போன மழைக்குச் சில்லைக்குருவி வெள்ளச்சி, பொட்டைப் பார்த்து நம்பி அதில் ஒன்றை வாங்கினாள். கூடு அறுந்து, முட்டையெல்லாம் கீழே இருந்த கிணற்றோடு போயிற்று.

இந்த ஐப்பசியில் மறுபடியும் அவளுக்கு வயிறு கனத்தது. நேரே மஞ்சத்தலையனின் பனைக்கு வந்தாள்.

"அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள வேணும். வானம் கறுத்துக்கிட்டு வருது."

"உட்காரு தங்கச்சி, இதோ ஆச்சு."

அவசர அவசரமாகப் பின்னினான். பாதி முடிந்ததும் களிமண்ணைக் கவ்விக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஓரிடத்தில் பின்னல் தொளதொளவென்று இருந்தது. மண்ணைக் கீழே துப்பினான்.

"இதுல பொட்டு வைக்க மாட்டேன் தங்கச்சி. பொட்டைப் பார்த்ததும் நீ கண்ணை மூடிக்கிட்டு முட்டையிடுவே. வேற கட்டித் தர்றேன்."

வெள்ளச்சி கறுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து வேப்பமரத்திலிருந்து காக்கையார் சிரித்தார்.

"ஏ புள்ள, அந்தப் பாதிக் கூட்டுல தலையை நுழைச்சுக்கிட்டு வாலை மழைக்குக் காட்டப்போறியா? இங்க வா. பொட்டு ஒண்ணுக்கு நாலா வச்சிருக்கேன்."

வெள்ளச்சி கடவுளை நினைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.

"பொட்டு வைக்க மாட்டேன்னு சொல்லிச்சே ஒரு வாய், அதை நம்பிக் காத்திருக்கேன். நீங்க உங்க வியாபாரத்தைப் பாருங்க."

சும்மா இருக்கவில்லை அவள். ஓலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் புதுக் கூட்டைப் பின்னப் பின்ன இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே மண்பொட்டை அப்பி, வாசலையும் பின்னி முடித்தபோது முதல் துளி விழுந்தது. வெள்ளச்சி உள்ளே போனாள். அலகால் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாய்க் குளிர்ந்தது. அங்கேயே சாய்ந்து முட்டையிட்டாள்.

விடிகிறவரை காற்று பனையைப் பிடித்து உலுக்கியது. காலையில் பார்த்தால், காக்கையார் கூடெல்லாம் பொட்டுக் கரைந்து கிணற்றில் மிதந்தன. பனையில் தொங்கிய கூட்டிலிருந்து வெள்ளச்சி தலையை நீட்டினாள்.

"மூணு முட்டையும் பத்திரம் அண்ணே."

பறவைகள் கூட்டமாய் எழும்பிப் பனையைச் சுற்றிச் சுற்றிக் கீச்சிட்டுப் பறந்தன. அந்தச் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்டது. மஞ்சத்தலையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்திலேயே தொங்கிய பாதிக் கூட்டை அவிழ்க்கப் போனான்.

"அதைத் தொடாதீங்க அண்ணே," என்றாள் வெள்ளச்சி. "கூடு வாங்க வர்றவங்க முதல்ல அதைத்தான் பார்க்கணும்."

அன்று முதல்தான், சில்லைக்குருவி தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில்கூட யோசிக்காமல் குடிபுகுகிறது. தூக்கணாங்குருவியின் மரத்தில் முழுக் கூடுகளுக்கு நடுவே பாதிக் கூடுகளும் ஒன்றிரண்டு பெருமையாகத் தொங்குகின்றன.