புடலங்காயைப் பற்றிக் கேட்ட ஆவுடை

வாருங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே, நெருங்கி உட்காருங்கள்! மலைகளுக்கு மனிதர்கள் பெயர் வைக்கத் தொடங்கியிருந்த காலத்தில், கீழ்ப்பாறை என்றொரு நாட்டில் ஆவுடை என்றொரு உப்புக்காரி இருந்தாள்.

தலையில் உப்புக்கூடை, வாயில் கேள்வி. அதுதான் ஆவுடை.

"உங்க எருமைக்கு ஏன் ஒரு கொம்பு மட்டும் கோணல்?" என்பாள் ஒரு வீட்டில். "சிரிக்கும்போது ஏன் கண்ணை மூடிக்கிறீங்க?" என்பாள் அடுத்த வீட்டில். கேட்டுவிட்டு ஓடுகிறவள் இல்லை. கூடையை இறக்கிவைத்து, பதில் முடியும்வரை வாயைப் பிளந்து கேட்பாள். அதனால் ஒரே தெருவில் உப்பு விற்க அவளுக்கு மூன்று நாள் ஆகும்.

அந்த வருஷம் கீழ்ப்பாறைக்குப் பெரிய கேடு வந்தது. மலைமேல் இருந்த மேல்பாறை நாட்டு அரசன் வேங்கைமாறன் ஆற்று மதகை அடைத்துவிட்டான். வயல்கள் வெடித்தன. கன்றுகள் தண்ணீருக்குக் கத்தின. இன்னும் பத்து நாள் போனால் பயிர் முழுக்கக் கருகிவிடும்.

கீழ்ப்பாறை அரசன் மருதவாணன் முதலில் ஒரு புலவரை அனுப்பினான். அவர் வேங்கைமாறனைப் புகழ்ந்து நூறு பாட்டு எடுத்துப் போனார். மூன்றாம் பாட்டில் வேங்கைமாறன் கொட்டாவி விட்டான். ஏழாம் பாட்டில் குறட்டை விட்டான்.

அடுத்துத் தளபதியை அனுப்பினான். தளபதி மீசையை முறுக்கி மிரட்டினார். வேங்கைமாறன் அவரைக் குதிரைமேல் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினான்.

மூன்றாவதாகப் போக யாரும் முன்வரவில்லை. கடைசியில் மந்திரி சொன்னார்: "அந்த உப்புக்காரியை அனுப்புவோம் மகாராஜா. தொல்லை தாங்காமலாவது மதகைத் திறந்துவிடுவான்."

ஆவுடை புறப்பட்டாள். வந்த வேலை மறந்துவிடக் கூடாதே என்று மலை ஏறும் வழியெல்லாம் "மதகு, மதகு, மதகு" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஊரின் தாகமெல்லாம் தன் தொண்டையில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

சபையில் வேங்கைமாறன் மலைபோல் உட்கார்ந்திருந்தான். ஆவுடை கும்பிட்டு நிமிர்ந்தாள். அவன் கைவிரல்களைப் பார்த்தாள். அவ்வளவுதான், மதகு மறந்துபோயிற்று!

"மகாராஜா, உங்க நகமெல்லாம் ஏன் ஒரே மண்ணு?"

விசிறி வீசியவன் அப்படியே நின்றான். வேங்கைமாறன் தன் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மெல்லக் கேட்டான்: "தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாயா?"

"பின்னே? தெரியாததாலதானே கேக்கிறேன்!"

அரசன் சிம்மாசனத்திலிருந்து ஒரே தாவலாகக் குதித்தான். "வா!" என்று ஓடினான். பின்னால் ஆவுடை ஓடினாள். அவளுக்குப் பின்னால் மந்திரிகள், காவலர்கள், விசிறிக்காரன் என்று சபையே ஓடியது.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு பந்தல். அதில் ஆள் உயரத்துக்குப் புடலங்காய்கள் வரிசையாகத் தொங்கின.

"எல்லாம் நானே போட்டது!" என்றான் அரசன், முகம் சிவந்து.

"அடேயப்பா! நுனியில ஏன் கல்லைக் கட்டியிருக்கீங்க?"

"கல் கட்டாவிட்டால் பாம்புபோல் சுருண்டுவிடும்! விதை போட்டதிலிருந்து சொல்கிறேன், கேள்." சொன்னான். வெயில் உச்சிக்கு ஏறும்வரை சொன்னான். ஆவுடை மண்ணில் சம்மணம் போட்டுக் கேட்டாள்.

"இவ்வளவு காயையும் யார் சாப்பிடுவாங்க?"

அரசனின் குரல் இறங்கியது. "என் மகளுக்கு இதென்றால் உயிர். கல்யாணமாகித் தூர தேசம் போய்விட்டாள். இப்போது யானைக்குப் போடுகிறேன்."

ஆவுடைக்குக் கண் கலங்கியது. "அவங்க பேரு என்ன?" என்றாள்.

அந்தப் பெயரை யாரும் அவனிடம் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "முத்துநகை," என்றான் வேங்கைமாறன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். பிறகு அவனும் ஒரு கேள்வி கேட்டான்: "நீ யாரம்மா? உன் ஊரில் புடலை எப்படிக் காய்க்கிறது?"

"எங்க ஊர்லயா? தண்ணியே இல்லையே!" என்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, மதகு! நீங்க ஏன் மகாராஜா மதகை அடைச்சீங்க?"

"உன் அரசன் பத்து ஓலை அனுப்பினான். தண்ணீர் கொடு, இன்னும் கொடு என்றுதான் பத்திலும் இருந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒன்றில்கூட இல்லை. கோபத்தில் அடைத்துவிட்டேன். பயிர் வாடும் என்று அப்போது தோன்றவில்லை." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தான்.

அப்போதே மதகைத் திறந்தார்கள். தண்ணீர் பாய்ந்து ஓடியது. அதன் கூடவே ஆவுடையும் ஓடினாள். தோளில் பெரிய புடலங்காயோடு வேங்கைமாறனும் ஓடினான்.

எல்லையில் மருதவாணன், உப்புக்காரி என்ன கேட்டுவைத்தாளோ என்று பயந்து, மன்னிப்புப் பேச்சு ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு நின்றான். தோளில் காயோடு அரசன் ஓடிவருவதைப் பார்த்ததும் அவனுக்குப் பேச்சு மறந்துபோயிற்று.

"அடடா! இது எப்படி இவ்வளவு நீளமாக வளர்ந்தது?" என்று கத்தினான்.

வேங்கைமாறன் அவன் தோளில் கைபோட்டு, விதையிலிருந்து தொடங்கினான். மருதவாணன் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதுகூடத் தெரியாமல், நடுவயலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆகையால் நல்லவர்களே, ஒருவரைப் பற்றி உண்மையான ஆவலோடு கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காதுகொடுப்பவருக்கே அவர் மனம் திறக்கும்.