தொண்டை கட்டிய ராஜாவும் திறக்காத மதகும்

வெகு காலத்துக்கு முன்னால், கருங்குள நாட்டை வீரகோடிராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வருகிறான் என்று ஊர் சொன்னது. ராஜாவுக்குத்தான் அதில் சந்தேகம்.

ஒருநாள் அரண்மனை மாடத்தில் நின்று பார்த்தான். சந்தை நடக்கிறது, வண்டிகள் போகின்றன, ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. இதில் ஒன்றையாவது தான் செய்யச் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை. சபைக்கு வந்ததும் கேட்டான்:

"அரசு, அரசு என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? கோட்டையிலா, கஜானாவிலா, படையிலா?"

அமைச்சர் மங்கைபாகர் தாடியைத் தடவினார். "சட்டென்று கைகாட்டக்கூடிய பொருள் இல்லை, மகாராஜா. கொஞ்சம் அவகாசம்..."

அதற்குள் அனந்தகிரி பண்டிதர் எழுந்துவிட்டார். அமைச்சரின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "இதற்கு அவகாசம் எதற்கு? தங்கள் திருவாய்தான் அரசு! தாங்கள் சொன்னால் நடக்க வேண்டும், சொல்லாவிட்டால் நடக்கவே கூடாது. அமைச்சர் தம் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் நடத்துவதால்தான் தங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்தது."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "இனி நான் நேரில் வாய் திறந்து சொல்லாமல் இந்த நாட்டில் எதுவும் நடக்கக் கூடாது. மீறினால் சிறை!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அமைச்சர். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் பண்டிதருக்கு உறுத்தியது.

மறுநாள் விடிந்ததும் அரண்மனை வாசலில் திருவிழாக் கூட்டம். அமைச்சரே ஆட்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மகாராசா, எங்க மாடு கன்னு போடப் போகுது. போடலாமுங்களா?"

"போடட்டும்!"

"என் மருமக கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேங்கிறா. விடட்டுமா?"

"விடு... இல்லை, இரு. என்ன கோபம்?"

"சாமி, எனக்குத் தும்மல் வருது."

"தும்மித் தொலை!"

சொல்லச் சொல்ல வரிசை நீண்டதே தவிரக் குறையவில்லை. ராஜாவுக்குத் தலை சுற்றியது. தான் ஆள்கிறோமா, இவர்கள் தன்னை ஆட்டுகிறார்களா என்றே தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் தொண்டை கரகரத்து, கம்மி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வானம் கறுத்து மழை கொட்டத் தொடங்கியது. மதகுக் காவல்காரன் சடையாண்டி சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடி வந்தான். "ராசா, ஏரி தளும்புது! மதகைத் திறக்கலேன்னா கரை உடைஞ்சு ஊரே போயிடும்!"

ராஜா வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வேகவேகமாகத் தலையாட்டினான்.

"தலையாட்டினா அது வாய்ச்சொல் ஆகுமாங்க?" என்று சடையாண்டி அமைச்சரைப் பார்த்தான்.

"பண்டிதரைக் கேள்."

பண்டிதர் முகம் வெளிறிவிட்டது. அவருடைய மாளிகையும் நெற்களஞ்சியமும் கரைக்கு நேர் கீழே இருந்தன. "ஆகும், ஆகும்! ஓடிப் போய்த் திற!"

"நீங்க சொல்லிச் செஞ்சா எனக்கில்ல சிறை?"

எல்லாரும் ஏரிக்கு ஓடினார்கள். கரை மேல் ஊர் ஜனம் கடப்பாரையும் கயிறுமாகத் தயாராக நின்றது. ஆனால் ஒருவரும் மதகுப் பலகையைத் தொடவில்லை. மண் ஆங்காங்கே சரிந்துகொண்டிருந்தது. கீழே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ராஜா கையை வீசினான், மார்பில் அடித்துக்கொண்டான். யாரும் அசையவில்லை.

அவன் தனக்குள் கேட்டுக்கொண்டான்: 'எனக்குப் பயந்துதான் நிற்கிறார்கள். நானோ திறக்கச் சொல்லித் துடிக்கிறேன். அப்படியானால் இவர்களைத் தடுத்து நிறுத்துகிற ராஜா யார்? நேற்றைய நானா? இன்றைய நான் யார்?'

அமைச்சர் முகத்திலும் இப்போது விளையாட்டு இல்லை. மதகு மேடையில் ஏறி உரக்கக் கத்தினார்:

"மகாராஜா! மதகைத் திறக்கப் போகிறோம். தடுப்பதானால் இப்போதே வாய் திறந்து தடுத்துவிடுங்கள். உங்கள் வாய்ச்சொல் இல்லாமல் தடையும் நடக்கக் கூடாது, சிறையும் நடக்கக் கூடாது!"

ராஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மகாராஜா தடுக்கவில்லை!"

"தடுக்கலியே!" என்று ஜனம் ஆர்ப்பரித்து மதகின் மேல் பாய்ந்தது. பலகை எழும்பியது. தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. கரை நின்றது.

மறுநாள் சபையில் சுக்குக் கஷாயம் குடித்தபடி ராஜா கிசுகிசுத்தான். "அந்த ஆணை ரத்து. பண்டிதரே, தெருத் தெருவாகப் போய் நீரே பறையடித்து அதைச் சொல்லிவிட்டு வாரும். மங்கைபாகரே, இனி உமக்குப் பக்கத்தில் என் ஆசனம், அவ்வளவுதான் நான் தரக்கூடிய மரியாதை. ஆனால் ஒன்று புரியவில்லை. நான் வாயே திறக்கவில்லை. ஊர் பிழைத்தது. பிறகு நான் எதற்கு?"

அமைச்சர் பதில் சொல்லுமுன் வாசலில் கூச்சல். கம்பும் தடியுமாக இரண்டு கூட்டம் உள்ளே வந்தது. "மதகை மூடணும், எங்க வயல் முழுகிடுச்சு, பயிர் அழுகிடும்!" என்றான் பள்ளவயல்காரர்களின் தலைவன் காடப்பன். "மூடினா கரை போயிடும்!" என்றது கரைக்குக் கீழே குடியிருக்கும் கூட்டம். தடிகள் ஓங்கின. ஆனால் இறங்கவில்லை. எல்லார் கண்ணும் ராஜா மேல் இருந்தது.

ராஜா இரு பக்கமும் கேட்டான். கஷாயத்தை வைத்துவிட்டு மெல்லச் சொன்னான்: "மழை விடும்வரை மதகு திறந்தே இருக்கட்டும். அழுகும் பயிருக்கு ஈடாகப் பண்டிதர் தம் களஞ்சியத்திலிருந்து நெல் அளக்கட்டும். அந்தக் களஞ்சியம் பிழைத்தது உங்கள் வயல் முழுகியதால்தானே."

காடப்பன் ஓரடி முன்னால் வந்தான். "எனக்கு இது சரின்னு படலை, ராசா" என்றான். பிறகு தடியைத் தரையில் போட்டுவிட்டு, ஒரு கும்பிடு போட்டு, தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினான்.

ராஜா அவன் முதுகையே பார்த்தான். "அவன் பக்கம் ஆள் அதிகம். கையில் தடி வேறு இருந்தது. எனக்குச் சத்தம் போடக்கூடத் தொண்டை இல்லை. சரியில்லை என்று சொல்லிக்கொண்டே ஏன் கேட்டுக்கொண்டு போகிறான்?"

"அரசு எங்கே என்று கேட்டீர்கள், சட்டென்று கைகாட்ட முடியாது என்றேனே, மகாராஜா," என்றார் மங்கைபாகர், வாசலை நோக்கிக் கைகாட்டி, "அதோ போகிறது, பாருங்கள்."

ராஜாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்துக்கொண்டே கடைசிவரை நல்லபடியாக ஆண்டான் என்று கருங்குள நாட்டில் சொல்லுவார்கள்.