குளத்துக்கு அனுமதி மறுத்த முயல்

காட்டுல ஒரே ஒரு குளத்துலதான் தண்ணி மிச்சம் இருந்துச்சு. அந்தக் குளத்தைப் பத்தியே ஒரு புரளி கிளம்பிடுச்சு.

கொண்டு வந்தது மைனா. "கேட்டீங்களா சேதியை! குளம் நம்ம முகத்தைத் திருடுதாம்! குனிஞ்சு குடிச்சா முகத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, காட்டுப்பூனைகிட்ட காட்டிக் கொடுக்குதாம்! போன வாரம் கௌதாரி செத்துப் போனது அப்படித்தானாம்!"

"ஐயையோ! அப்ப தண்ணிக்கு எங்க போவேன்?" முயலுக்குப் பாதி உயிர் போயிடுச்சு. புதர்ல ரெண்டு குட்டி பாலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. தாய் தண்ணி குடிச்சாத்தானே பால்!

"பயப்படாதே, பரிகாரம் இருக்கு! குடிக்கிறதுக்கு முன்னாடி பேரு, வீடு எல்லாம் சொல்லி, அனுமதி இல்லைன்னு சத்தமாக் கத்திடணும். அப்புறம் குளத்தால ஒண்ணும் பண்ண முடியாது. உடனே பத்து பேருக்குச் சொல்லு!"

முயல் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்துச்சு.

"ஏ குளமே! நான் முயல்! மேட்டுல இருக்கிற இலந்தைப் புதர்தான் என் வீடு! அங்க ரெண்டு குட்டி தனியா இருக்கு! எங்க முகத்தை எடுக்க உனக்கு அனுமதி இல்லை! இல்லவே இல்லை!"

குளம் மறுத்து எதுவும் பேசலை.

பாறை மேல உடும்பு வெயில் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணைப் பிடிச்சா விடாத ஜென்மம். "ஏம்மா, யாரோட சண்டை?"

முயல் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லுச்சு.

"முகத்தைத் திருடுதா? பார்த்துடுவோம்!" உடும்பு தண்ணி மேல தலையை நீட்டுச்சு. அப்புறம் தள்ளி வந்துச்சு. "இப்ப நீ பாரு. என் மூஞ்சி உள்ள இருக்கா?"

"இல்லைண்ணே! என் மூஞ்சிதான் தெரியுது!"

"நல்லவேளை. என்னுதை வச்சுக்கிட்டு குளம்தான் என்ன பண்ணும்?" உடும்பு, கரை மரத்துல உட்கார்ந்திருந்த மைனா பக்கம் திரும்புச்சு. "உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க!"

"அந்த எல்லாருக்கும் ஒரு பேரு இருக்குமே. யாரு?"

மைனா தலையைச் சொறிஞ்சுது. "அது வந்து... அந்தக் கோரைப்புல்லுக்குள்ள இருந்து ஒரு குரல் கேட்டுச்சு. ஆளைப் பார்க்கலை. மீசை மட்டும் தெரிஞ்சுது."

"மீசையா!"

மூணு பேரும் கோரையை விலக்கிப் பார்த்தாங்க. யாரோ படுத்திருந்த இடம், இன்னும் சூடு ஆறலை. பக்கத்துல கௌதாரி இறகு! ஈரச் சேத்துல பூனைக் கால்தடம், குளத்தைச் சுத்தி மேட்டுப் பக்கம் போகுது!

"தங்கச்சி! குளம் உன் மூஞ்சியை எடுக்கலை! உன் முகவரியை நீயே பூனைக்குக் கொடுத்துட்டே! ஓடு!"

முயல் குறுக்கு வழியில, பாறை மேல பாறை தாவிப் பறந்துச்சு. மைனாவும் பறந்துச்சு. பதுங்கிப் போற பூனையோட தலைக்கு மேலேயே வட்டமடிச்சு, "பூனை! இந்தா பூனை! இங்க பூனை!"ன்னு அலறுச்சு. அதோட வாழ்க்கையில அது கண்ணால பார்த்துச் சொன்ன முதல் சேதி அதுதான்!

பூனை ஒரு நிமிஷம் தடுமாறி நின்னுச்சு. அந்த ஒரு நிமிஷம் போதும். முயல் குட்டிகளைத் தள்ளிக்கிட்டு பாறை இடுக்குக்குள்ள நுழைஞ்சுடுச்சு!

பூனை பாய்ஞ்சது காலிப் புதர்ல. கிடைச்சது மூக்கு நிறைய இலந்தை முள்ளு!

ஒரு சேதி பயமுறுத்துச்சுன்னா, நம்ம விவரத்தை அள்ளிக் கொட்டுறதுக்கு முன்னாடி அதைச் சொன்னது யாரு, சொன்னது நிஜமான்னு பார்த்துடணும்.